எதை மறைக்கணும், எதைச் சொல்லணும்? அருணகிரிநாதர் காட்டும் வழி

 

"மனசு சுத்தமில்லாம எப்படிங்க சந்நிதியில போய் நிக்கிறது?" என்று கோயிலுக்குப் போகவே தயங்குறவங்க நம்மில் நிறைய பேர் இருக்காங்க. இதற்கு 15ஆம் நூற்றாண்டிலேயே அருணகிரிநாதர் பதில் வைத்திருக்கிறார். மூன்று நூல்களில் பார்ப்போம்.

1. திருப்புகழ்

பழந்தமிழில் அகம் வேறு, புறம் வேறு. அகப்பாட்டில் காதலரின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயரும் ஊரும் புகழும் புறத்துக்கு உரியவை. திருப்புகழில் இந்த வேலி இல்லை. பல பாடல்களின் முதல் பாதியில் காமம், நோய், முதுமை, மரண பயம் என்று நாம வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கிறதெல்லாம் வருது. பிறகு வேலும் மயிலும் வள்ளியும் வந்து, பழநி, திருத்தணி, சுவாமிமலை என்று தலத்தின் பெயரோடு 'பெருமாளே' என முடியுது. அந்தரங்கம் அப்படியே சந்நிதிக்கு வந்துடுது.

ஊரார் குற்றத்தையெல்லாம் தன்மேல் ஏற்றிக்கொண்டு பாடினார் என்று பெரியவங்க சொல்லுவாங்க. நூறு பேர் சேர்ந்து அந்த 'நான்' என்ற சொல்லைப் பாடும்போது, யாரும் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை. கூட்டுப் பாராயணத்தில் அந்த வரிகளை விட்டுட்டுப் பாடுறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

2. கந்தர் அனுபூதி

காப்பு நீங்கலாக 51 பாடல்கள், ஒவ்வொன்றும் நான்கே அடி. இங்கே பேச்சு அடங்குது. முருகன் தந்த அனுபவத்தை இன்னொருவருக்கு எப்படிச் சொல்லுவது என்றே திகைக்கிறார். குற்றத்தைச் சபையில் சொன்னவர், அருளைச் சொல்ல முடியாமல் நிற்கிறார்! நாம செய்யறது நேர் எதிர். குறையை மறைக்கிறோம்; பக்தியை ஸ்டேட்டஸில் போடுறோம்.

3. கந்தர் அலங்காரம்

உள்ளே இருக்கும் பக்தி வெளியே எப்படித் தெரியணும்? வேலவனை வாழ்த்தி, நொய்யரிசியில் ஒரு துணுக்கு அளவாவது ஏழைகளுக்குப் பகிரச் சொல்கிறார். நம்ம நிழல் நமக்கே வெயிலுக்கு ஒதுங்க உதவாது; கடைசி வழிக்குக் கைப்பொருளும் அப்படித்தான் என்கிறார்.

ஆக, குறையை அவனிடம் சொல்லுங்க. அனுபவத்தை மனசுக்குள் வையுங்க. சோற்றை ஊரோடு பகிருங்க. வர்ற சஷ்டிக்கு இந்த மூன்றையும் செய்து பாருங்க. தயங்காம சந்நிதிக்கு வாங்க.

வேலும் மயிலும் துணை.