பனையும் நொதியும்

நொதித்தல் என்னும் வேதிவினையைப் பாடநூலில் ஒரு சமன்பாடாக எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். ஒரு மூலக்கூறு குளுகோஸ் பிளவுபட்டு இரண்டு மூலக்கூறு எத்தில் ஆல்கஹாலும் இரண்டு மூலக்கூறு கரியமில வாயுவும் உண்டாகின்றன. அவ்வளவுதான். ஆனால் இராசபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் பனையேறிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சமன்பாடு வெறும் பாடமன்று. அதன் இடப்பக்கத்தில் நிற்பது அவர்களுடைய வருவாய். வலப்பக்கத்தில் நிற்பது குற்றவழக்கு. என் தாய்மாமன் அத்தொழில் செய்பவர் ஆதலின் இப்பொருள்பற்றி எழுத முற்பட்டேன்.

பனம்பாளையைச் சீவக் கசிந்து வரும் சாறு நூற்றுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு பங்கு கரும்புச் சர்க்கரை கொண்டது. புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. மேலைநாட்டார் பீர் வடிக்கப் படும் பாட்டை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்லியில் இருப்பது மாவுப்பொருள். ஈஸ்ட் மாவை உண்ணாது. எனவே தானியத்தை நனைத்து முளைகட்டி, முளையில் தோன்றும் நொதியால் மாவைச் சர்க்கரையாக்கி, பிறகுதான் ஈஸ்ட்டைச் சேர்க்கின்றனர். பனைமரமோ அந்த வேலையைத் தானே முடித்துச் சர்க்கரைநீராகவே தந்துவிடுகிறது. காற்றிலும் கலயத்திலும் பாளை நுனியிலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியங்களும் சாறு சொட்டிய கணமே தொழிலைத் தொடங்குகின்றன. 342 கிராம் சர்க்கரையிலிருந்து 184 கிராம் ஆல்கஹால் வரும் என்பது கணக்கு. அதன்படி நூறு கிராம் சாற்றில் ஆறு கிராமுக்குச் சற்று மேல் வரலாம். ஒரு பகுதி சர்க்கரை புளிப்பு அமிலங்களாக மாறுவதால் கள்ளில் நடைமுறையில் காண்பது அதினும் குறைவே.

முளைகட்டித் தானிய மது வடிக்கும் நுட்பம் நமக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் களியை ஆற்றி, நெல்முளையை இடித்துக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழியும் முறை விளக்கப்பட்டுள்ளது. ஆற்றிய பிறகே முளையைச் சேர்த்தனர் என்பதைக் கவனிக்க. கொதிக்கும் களியில் இட்டால் நொதி செத்துப்போகும். காரணம் தெரியாமலே காரியம் சரியாக நடந்திருக்கிறது. காரணத்தை உலகிற்குக் காட்டியவர்களுள் தலையாயவர் பாஸ்டர். பீரைப் பற்றிய அவரது நூல் 1876இல் வெளிவந்தது. உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலேயே அதன் சாற்றைக் கொண்டு நொதித்தலை நடத்திக் காட்டினார் பூக்னர், 1897இல்.

சாறு கள்ளாகாமல் தடுப்பது சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறத்தில் தடவிய சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்குகிறது. அக்காரத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியமும் பெருக முடிவதில்லை. இப்படி இறக்கியதே பதனீர். ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தால் பதனீர், இல்லாவிட்டால் கள். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, பின்னர் பலமுறை தளர்ந்தும் இறுகியும் வந்தது. 1987 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. ஒரே மலையின் இரு சரிவுகளில் ஒரே வினைக்கு இரண்டு தீர்ப்பு!

இனி மணமூட்டலுக்கு வருவோம். 1516இல் பவேரியாவில் பிறந்த சட்டம் பீரில் பார்லி, ஹாப் பூ, நீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது. பெல்ஜியத்தார் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அவர்கள் கோதுமை பீரில் ஆரஞ்சுத் தோலோடு இடுவது நம் அடுக்களைக் கொத்தமல்லி விதையை. மேற்கிந்தியத் தீவுகளில் இஞ்சி பீர் பேர்பெற்றது. அங்கே கிறிஸ்துமஸ் நாளில் இஞ்சியும் கிராம்பும் சேர்த்துக் காய்ச்சும் சிவப்புப் பானம் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நாம் துவையல் அரைக்கும் புளிச்சகீரை இனத்தின் சிவந்த புல்லிவட்டத்திலிருந்து! இராசபாளையத்தில் ‘கோங்குரா’ என்று ஆசையோடு உண்பவர்கள் இதைக் கேட்டால் வியப்பார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் பலர் போய்ச் சேர்ந்ததும் அப்பகுதிக்குத்தான்.

நம்மிடம் மணமூட்டிய நொதிப்பானம் இல்லையா என்றால், நாட்டு மருந்துக்கடைக்குச் செல்க. அரிஷ்டங்கள் அனைத்தும் அவ்வகையே. மூலிகைக் கியாழத்தில் வெல்லம் கரைத்து, சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம் முதலியனவும் தாதகிப் பூவும் இட்டு மூடி வைக்கிறார்கள். பூவில் ஒட்டியுள்ள ஈஸ்ட்டே வித்து. தானே விளையும் ஆல்கஹால் நூற்றுக்குப் பன்னிரண்டு வரை இருக்கலாம் என விதி இடந்தருகிறது. கள்ளைவிடக் கூடுதல்தான், ஆனால் கரண்டியளவு குடிப்பதால் எவரும் குறை சொல்வதில்லை!

பழமும் மசாலையும் நொதித்தலை எவ்வாறு மாற்றுகின்றன என்றறிய எங்கள் ஆய்வகத்தில் ஒரு சிறு சோதனை செய்தேன். சுண்ணாம்பில்லாத பதனீரைக் கொண்டுவருவது சட்டப்படி தகாது என்பதால், லிட்டருக்கு 120 கிராம் கருப்பட்டி கரைத்து வடிகட்டிய நீரையே எடுத்துக்கொண்டேன். ஐந்து புட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பேக்கரி ஈஸ்ட். முதலாவதில் வேறொன்றுமில்லை. இரண்டாவதில் இராசபாளையம் சப்பட்டை மாம்பழக் கூழ், மூன்றாவதில் தட்டிய இஞ்சி, நான்காவதில் இடித்த கிராம்பு, ஐந்தாவதில் சுண்ணாம்பு. வாய்களில் பலூன்களைக் கட்டிவிட்டேன். மாம்பழப் புட்டியின் பலூனே முதலில் நிமிர்ந்தது. பழத்திலுள்ள சர்க்கரையும் பிற சத்துகளும் ஈஸ்ட்டுக்கு விருந்து. வெறும் கருப்பட்டிநீரும் இஞ்சியும் ஏறத்தாழ ஒன்றாக வந்தன. கிராம்பு வெகுநேரம் தயங்கியது. அதிலுள்ள யூஜினால் என்னும் எண்ணெய்ப்பொருள் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. சுண்ணாம்புப் புட்டியின் பலூன் மறுநாள் மாலைவரை தொங்கியே கிடந்தது. மசாலை என்பது மணம் மட்டுமன்று, காவலும் ஆகும் என்பது என் கருத்து. பேராசிரியர் முன்னிலையில் புட்டிகள் யாவும் தொட்டியில் கொட்டப்பட்டன. கொட்டும்போது எழுந்த மாம்பழ வாசனையைப் பற்றி வகுப்பில் இன்னும் பேச்சு உண்டு.

மாமாவின் கவலை வேறு. மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை நாள்தோறும் இருவேளை மரமேறிப் பாளை சீவ வேண்டும். பதனீராக விற்பதற்குக் காலைப்பொழுதே உண்டு. பட்டையில் ஊற்றி, மாங்காய்ச் சீவலோ நுங்கோ போட்டுக் குடிப்பவர்கள் குடித்தபின் மிஞ்சுவதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலைச் சுண்டவைத்துப் பால்கோவா ஆக்குவதும் இதே தத்துவந்தான்: நீர் குறையுமளவுக்கு நுண்ணுயிர் வாழ வழியில்லை. ஆனால் லிட்டர் லிட்டராக நீரை ஆவியாக்க விறகு வேண்டும்; அத்தை நாள் முழுதும் கொப்பரை முன் நிற்க வேண்டும். மாமாவின் இரு மகன்களும் பனையேற வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 1978இல் பனை நம் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. ஏறுவதற்கு ஆள் இல்லையென்றால் அது நிழலுக்குக்கூட உதவாத மரம்.

பதனீரையே, போதை ஏறாத நுரைப்பானமாகப் புட்டியில் தர இயலாதா? சுண்ணாம்பு கலந்த பதனீரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் கால்சியம் கார்பனேட் வெண்படிவாக இறங்கும். சுண்ணாம்பு வாடையும் போகும், நுரையும் சேரும். ஆய்வகத்தில் வாயுக்குழாய் வைத்துப் பார்த்தேன். பால்போல் கலங்கிப் பின் தெளிந்தது. குடிக்கும் சோதனையை மாமா வீட்டில் செய்தோம். தெளிந்த பதனீரில் குளிர்ந்த கோலி சோடாவை ஊற்றி, இஞ்சிச் சாறு சில துளியும் மாங்காய்ச் சீவலும் போட்டு அவரிடம் நீட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு, மாப்ளே. ஆனா சுண்ணாம்பு செத்துப்போச்சே. இது எத்தனை நேரம் தாங்கும்?” என்றார்.

அதுவே உண்மையான சிக்கல். காவலை நீக்கிவிட்டால் ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொள்ளும். மூடிய புட்டியை உடனே சூடேற்றிக் கிருமி நீக்க வேண்டும். அச்சூட்டில் புட்டி வெடிக்காமலும் சுவை கெடாமலும் இருக்க எந்த வெப்பம், எத்தனை நிமிடம் என்பதை அடுத்த பருவத்தில் கண்டறிய எண்ணியுள்ளேன். அன்று மிஞ்சியதை வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை அதைக் கொப்பரையில் ஊற்றிவிட்டார்.