என்ன வேலை செய்றீங்க?

மாமல்லபுரத்தில் மாமாவின் பட்டறையில் உளி பிடித்தபோது எனக்குப் பதினான்கு வயது. அப்போதும் தூசி உண்டு. ஆனால் உளிக்குத் தெறிப்பது சில்லும் பொடியும். பெரும்பாலும் மடியிலேயே விழுந்துவிடும். கிரைண்டர் வந்த பிறகு, நான்கு நாள் வேலை அரை நாளில் முடிந்தது. டயமண்ட் பிளேடு கல்லை அறுக்கும்போது கிளம்பும் வெள்ளைப் புகையில் பக்கத்து ஆள் முகம்கூடத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் அதற்குள் உட்கார்ந்திருந்தேன்.

வறட்டு இருமல்தான் முதலில் வந்தது. பிறகு ஒரு கோயில் திருப்பணியில் சாரம் ஏறும்போது பாதியில் மூச்சு நின்றுபோனது போல் இருந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரிய, டிபி என்றார்கள். சளியில் கிருமி இல்லை. இருந்தும் ஆறு மாதம் மாத்திரை. இரண்டு வருடம் கழித்து மறுபடியும் அதே மாத்திரை. வீட்டில் என் தட்டும் தம்ளரும் தனியாயின. கைக்குழந்தையாக இருந்த மகளை நான் தூக்கவே இல்லை.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் படத்தைக் கையில் எடுக்கும் முன்பே, "என்ன வேலை செய்றீங்க?" என்றார்.

"சிற்பம் சார்."

"உளியா, மெஷினா? எத்தனை வருஷமா?"

அதற்குமுன் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிலிகோசிஸ் என்றார். "இது யாருக்கும் ஒட்டாதுங்க" என்றும் சொன்னார். வெளியே வந்து என் மனைவி அழுதாள். 1700இல் ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று தன் நூலில் எழுதினாராம். இதையும் அந்த டாக்டரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் கல் வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். என்ன கல், என்ன மெஷின், எத்தனை வருடம். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். யார் பட்டறையில் எப்போது வேலை பார்த்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் இருக்கிறது. தினக்கூலிக்காரனிடம் வேலை பார்த்ததற்குத்தான் சான்று இருப்பதில்லை. ஒன்று மட்டும் கவனம். சிலிக்கா படிந்த நுரையீரலை டிபி எளிதாகப் பிடிக்கும். ஆகவே சளிப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்கக் கூடாது. எங்கள் பக்கத்துக்குத் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி இருக்கிறது.

நுரையீரலில் விழுந்த தழும்பை எந்த மருந்தும் ஆற்றாது. வேலையை விட்ட பிறகும் அது வளரலாம். எனவே தூசி உள்ளே போகாமல் தடுப்பது ஒன்றே வழி. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்று நம்பியிருந்தேன். கேடு செய்யும் துகள் தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஈரத் துண்டிலும் அது புகுந்துவிடும். என்95 மாஸ்க் வேண்டும், இரண்டு பட்டையும் தலையில் மாட்ட வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும். கடற்கரை வேர்வையில் அதைப் போட்டுக்கொண்டு உட்காருவது கொடுமைதான், தெரியும். மணிக்கொரு முறை தள்ளிப் போய்க் கழற்றுங்கள்; தூசிக்குள் கழற்றாதீர்கள். பீடியை விடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் உடம்பை ஊதிக்கொள்ளும் பழக்கத்தையும் விடுங்கள். தரையைப் பெருக்குமுன் தண்ணீர் தெளியுங்கள். வேலைத்துணியோடு வீட்டுக்குப் போகாதீர்கள். என் லுங்கியை உதறியது என் மனைவி.

மாஸ்க்கைவிடப் பெரிய காப்பு தண்ணீர். பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விழுந்தால் தூசி பெருமளவு அடங்கிவிடும். ஆனால் சாதாரணக் கரண்ட் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினால் ஆளையே கொன்றுவிடும். ஈர வேலைக்கென்றே செய்த மெஷினோ, காற்றழுத்தத்தில் ஓடுவதோ வாங்க வேண்டும். கரண்ட் மெஷின் என்றால் லைனில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். செலவுதான். என் ஆஸ்பத்திரிச் செலவில் மூன்று மெஷின் வாங்கியிருக்கலாம்.

போன மாதம் அக்கா மகன் அப்படி ஒன்று வாங்கினான். முதல் நாளே சலித்துக்கொண்டான். "மாமா, சேறாகுது. காவிக்கோடு அழிஞ்சிடுது."

"அழிஞ்சா திரும்பப் போடுடா. உருவை வெட்டி எடுக்கிற வரைக்கும் தண்ணி. கண்ணு, மூக்குக்கு உளி எடுத்துக்க."

முணுமுணுத்துக்கொண்டே கோட்டைத் திரும்பப் போட்டான். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புகை எழவில்லை. பால்போல ஒரு நீர் அவன் கால்விரல்களுக்கிடையில் வழிந்து மணலில் இறங்கியது.