ஸ்டிக்கர் சொல்லாத வாட் கணக்கு

அன்புள்ள மருமகள் கயல்விழிக்கு,

விளையாட்டு உருவாக்கமும் வடிவமைப்பும் படிக்கச் செல்பவர்கள் மடிக்கணினி வாங்கும்போது முதலில் விசாரிப்பது, திரையில் தோன்றும் உருவங்களைக் கணக்கிட்டு வரைந்து தரும் ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலியின் பெயரைத்தான். அந்தப் பெயரை விசைப்பலகையின் ஓரத்து ஸ்டிக்கரும் கடைக்காரரும் தவறாமல் சொல்லிவிடுவார்கள். அந்தச் செயலிக்குக் கணினி எத்தனை வாட் மின்சாரம் ஊட்டுகிறது என்பதோ விலை அட்டையில் பெரும்பாலும் இராது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் வரும் மடிக்கணினிச் செயலியை 35 வாட் முதல் 115 வாட் வரை தமக்கு ஏற்ற அளவில் அமைத்துக்கொள்ள என்விடியா நிறுவனம் தயாரிப்பாளர்களுக்கு இடம் தந்திருப்பதால், ஒல்லியான கணினியில் குறைந்த வாட்டில் ஓடும் 4060, தடித்த கணினியில் முழு வாட்டில் ஓடும், அதைவிடக் கீழ்நிலையான 4050-க்கும் பின்தங்கிவிடக்கூடும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதிக்குச் சென்றால், அதிகபட்ச மின்திறன் எத்தனை வாட் என்று ஒரு வரி இருக்கும். விற்பனையாளர் பொறுமை இழந்தாலும் அந்த வரியைப் படிக்காமல் பணம் கட்டுவது சரியன்று.

செயலி உண்ணும் மின்சாரம் அனைத்தும் வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும். வெளியேற வழி போதாதபோது சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்குத் த்ராட்லிங் என்று பெயர். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் ஒரு பெரிய திட்டத்தை முதன்முறை திறக்கும்போது, ஷேடர்கள் தொகுக்கப்படுகின்றன என்ற சிறு பெட்டி திரையின் கீழ் மூலையில் தோன்றி, மீதி எண்ணிக்கை ஆயிரக்கணக்கிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். ஷேடர் என்பது ஒரு பரப்பு ஒளியில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைக் கணக்கிடும் சிறு நிரல். அதைத் தொகுப்பது வரைகலைச் செயலி அன்று, சிபியு எனப்படும் மையச் செயலியே. அதன் கோர்கள் எனப்படும் கணக்கிடும் அலகுகள் அத்தனையும் நெடுநேரம் முழு மூச்சில் இயங்கும் அவ்வேளையில்தான் ஒல்லியான கணினியின் ஃபேன் இரைச்சலும் வேகக் குறைவும் வெளிப்படும். ஐந்து நிமிடச் சோதனையில் அது தெரிய வாய்ப்பில்லை. குளிரூட்டிய அறையில் எடுக்கப்பட்ட சோதனை முடிவை, சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தொடும் சென்னை விடுதி அறைக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதும் பிழை. சுற்றுக்காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ, வெப்பத்தை வெளித்தள்ளும் வாய்ப்பு அவ்வளவு சுருங்கும்.

வேகத்துக்கு அடுத்தபடியாக, சொல்லப்போனால் அதற்கும் மேலாகக் கவனிக்க வேண்டியது, வரைகலைச் செயலிக்கென்றே தனியாக உள்ள விரேம் எனப்படும் நினைவகம். 4096 புள்ளி அகலமும் 4096 புள்ளி உயரமும் கொண்ட ஒரு டெக்ஸ்ச்சர், அதாவது முப்பரிமாண உருவத்தின் மேல் போர்த்தப்படும் படம், புள்ளிக்கு 4 பைட் வீதம் சுருக்கப்படாத நிலையில் 64 எம்பி பிடிக்கும். ஒரு சுவருக்கே நிறத்துக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, சொரசொரப்புக்கு ஒன்று என மூன்று படங்கள் வைத்தால் 192 எம்பி ஆகிவிடும். முடிந்த விளையாட்டில் இவை சுருக்கப்பட்டு ஓடுவதால் விளையாடுபவருக்கு 6 ஜிபி போதுமானதாகத் தோன்றலாம். அதே படங்களைச் சுருக்காமல் திறந்துவைத்து அடுக்கடுக்காக வண்ணம் பூசுபவருக்கு அது போதாது. வேகம் குறைந்தால் காத்திருந்தாவது வேலையை முடிக்கலாம். விரேம் நிரம்பினாலோ மென்பொருள் திணறும், சில வேளைகளில் சேமிக்காத வேலையோடு மூடிக்கொள்ளும். இங்கே பெயரில் உள்ள எண் உதவாது. 4060, 4070 இரண்டுக்கும் மடிக்கணினியில் 8 ஜிபிதான். அடுத்த தலைமுறையின் 5060, 5070 நிலையும் அதுவே. 5070 டிஐ வந்தால்தான் 12 ஜிபி. விரேமுக்காகவே 4060-ஐ விட்டு 4070-க்குக் கூடுதல் பணம் கொடுப்பவர் எதையும் கூடுதலாகப் பெறுவதில்லை.

விரேம் அல்லாமல், ரேம் எனப்படும் கணினியின் பொது நினைவகமும் 32 ஜிபி வேண்டும். அன்ரியல் எஞ்சினுக்கு அதை உருவாக்கும் எபிக் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவும் அதுவே. தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட ரேம் என்றால் பின்னர் கூட்ட முடியாது என்பதால் வாங்கும்போதே முழு அளவில் வாங்க வேண்டும். கழற்றி மாட்டக்கூடியது என்றால் 16 ஜிபியோடு தொடங்குவதில் தவறில்லை.

வடிவமைப்பு வேலைக்கு வருபவர் திரையில் ஏமாறுவது அதிகம். விவரத் தாளில் வண்ண அளவுகோலாக 45% என்டிஎஸ்சி என்று கண்டால், இணையத்துக்கும் பெரும்பாலான விளையாட்டுகளுக்கும் அடிப்படையான எஸ்ஆர்ஜிபி வண்ணப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே அந்தத் திரை காட்டும் என்று பொருள். அதில் கண்ணுக்கு இதமாகத் தோன்றும்படி சரிசெய்த சிவப்பு, நல்ல திரையில் கண்ணைக் குத்தும். நொடிக்கு 240 முறை புதுப்பிக்கும் திரை என்ற விளம்பரத்தைவிட 100% எஸ்ஆர்ஜிபி என்ற சிறு எழுத்தே இவ்வேலைக்கு முக்கியம்.

தூக்கிச் செல்வது பற்றிய கணக்கில் பலரும் அடாப்டரை மறந்துவிடுகிறார்கள். விமானப் பயணிகள் தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லும் மின்கலத்துக்கு 100 வாட்-மணி வரம்பு உள்ளதால், மடிக்கணினி மின்கலங்கள் அதைத் தாண்டுவதில்லை. 90 வாட்-மணி மின்கலத்தைக் கொண்டு 150 வாட் இழுக்கும் வேலையைச் செய்தால் 36 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனாலேயே மின்கலத்தில் ஓடும்போது வரைகலைச் செயலியின் வாட் கடுமையாகக் குறைக்கப்படுகிறது. முழு வேகம் வேண்டுமெனில் செங்கல் போன்ற அந்த அடாப்டரும் பையில் ஏறியாக வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எடை பார்ப்பது முறை.

இத்தனையும் அன்ரியல், பிளெண்டர் போன்ற கனமான கருவிகளை நாள்தோறும் திறப்பவருக்கே பொருந்தும். கோடோ என்ற இலகுவான எஞ்சினில் இருபரிமாண விளையாட்டு செய்பவருக்குச் சாதாரண மடிக்கணினியே தாராளம். ஃபேன் இல்லாத மேக்புக் ஏரும் அவருக்கு இசைவானது. ஐபோனுக்கான விளையாட்டை இறுதியாகத் தொகுக்கத் தேவைப்படும் ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருள் மேக்கில் மட்டுமே இயங்குவதால், மேக் வைத்திருப்பது கூடுதல் வசதி. விண்டோஸ் விளையாட்டுகளைச் சோதிக்க வேண்டியவருக்கு மேக்கில் விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்எக்ஸ் 12 நேரடியாக இல்லாதது பெருங்குறை. எனவே கல்லூரியின் பாடத்திட்டத்தில் எந்த எஞ்சின் உள்ளது என்பதை விசாரித்து அறிந்த பிறகே கடைக்குச் செல்வது நல்லது.

அன்புடன்,
தாய்மாமன்