பறிக்கிற கையே பாதி மருந்து

ஆடிப் பட்டத்தில் விதை போட்டவர்கள் வீட்டிலெல்லாம் இப்போது காய் வரத் தொடங்கியிருக்கும், கூடவே பூச்சியும். எங்கள் திருமலைராயன்பட்டினத்தில் கொல்லை என்றால் மணல், உப்புக்காற்று, கொஞ்சம் கரிக்கிற தண்ணீர். காளமேகப் புலவர் கோபித்துக்கொண்டு மண்மாரி பொழியப் பாடிவிட்டுப் போன ஊர் என்று கதை. கொல்லையில் ஒரு முழம் தோண்டினால் கதையை நம்பத்தான் தோன்றும். இந்த மண்ணிலும் மருந்துக் கடைப் பக்கம் போகாமல் நாலு காய் பறித்துச் சமைக்க முடிகிறது. காயை நாள் தவறாமல் பறித்தாலே பாதிப் பூச்சி அடங்கிவிடும். மீதிப் பாதிக்குத்தான் மற்ற கைவேலையெல்லாம்.

1. காய் பறிக்க விடியற்காலைதான் சரி. வெயில் ஏறுவதற்குள் பறித்தால் கூடுதலாக ஒன்றிரண்டு நாள் வாடாமல் இருக்கும். கையால் பிடித்து இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு நறுக்குங்கள். மணல் மண்ணில் செடிக்குப் பிடிப்பு குறைவு, இழுத்தால் வேரே ஆடிப்போகும்.

2. வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். பூத்த 5 முதல் 7 நாளில் பதம் வந்துவிடும். நாலு காய்தானே என்று செடியிலேயே முற்றவிட்டால் அடுத்த பூ வருவது குறையும். பறித்ததை ஈரத்துணியில் சுற்றி வைத்துச் சேர்த்துக்கொண்டு, ஒரு பொரியலுக்கு ஆனதும் சமைக்கலாம். சுணை அரிக்கும், வீட்டில் கிடக்கும் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

3. வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாக வலை பின்னியது போலத் தெரிந்தால் அது வைரஸ் நோய். எந்தக் கரைசலும் அதைக் குணப்படுத்தாது, வெள்ளை ஈ அடுத்த செடிக்குக் கொண்டுபோவதற்குள் வேரோடு பிடுங்கிவிடுங்கள். மற்ற செடிகளைக் காக்க, மஞ்சள் நிற பிளாஸ்டிக் மூடி, பழைய டப்பா எதிலாவது விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிட்டால் வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். காசு கொடுத்து ஒட்டும் அட்டை வாங்க வேண்டியதில்லை.

4. கத்தரிச் செடியில் ஒரு கிளையின் நுனி மட்டும் தலை தொங்கிக் கிடந்தால் தண்ணீர் போதவில்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே தண்டு துளைப்பான் புழு உட்கார்ந்திருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே நறுக்கிப் பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்கும். நசுக்கிவிட்டால் காய்க்குப் போக வேண்டிய புழு தண்டிலேயே தீர்ந்தது. நறுக்கியதைச் செடியடியில் போடாமல் அடுப்பில் போடுங்கள்.

5. கத்தரிக்காயின் மினுமினுப்பு மங்கத் தொடங்கினால் உள்ளே விதை முற்றுகிறது, உடனே பறித்துவிடுங்கள். காயில் ஓட்டை பளிச்சென்று தெரிந்தால் பெரும்பாலும் புழு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மீதியைக் கருவாட்டுக் குழம்பில் சேர்க்கலாம்.

6. காய்த்து ஓய்ந்த கத்தரிச் செடியைப் பிடுங்கிப் போட அவசரப்பட வேண்டாம். கிளைகளைக் கவாத்து செய்து தொழுவுரம் வைத்தால் துளிர்த்து மறுபடி காய்க்கும். நாற்றுக்கும் செலவில்லை, நாளும் மிச்சம்.

7. பாகல், பீர்க்கு, புடல் எல்லாம் பிஞ்சிலேயே மஞ்சளாகிக் கோணிக்கொண்டால் பழ ஈயின் வேலை. இதற்கு நம் ஊர்க் கருவாடே போதும். காலித் தண்ணீர் பாட்டிலின் மேல் பாதியில் சூடான கம்பியால் மிளகளவு ஓட்டைகள் போட்டு, நனைத்த கருவாட்டுத் தூளைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டு, அடியில் நாலு விரல் உயரம் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பந்தலில் கட்டுங்கள். வாசத்துக்கு வரும் ஈ தண்ணீரில் விழும். வாசம் குறைந்ததும் தூளை மாற்றுங்கள், பூனை எட்டாத உயரத்தில் கட்டுங்கள்!

8. ஈ கொட்டிய காயைக் குப்பைக் குழியில் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூண்டு கட்டி, ஈயாகத் திரும்பி வரும். பாலித்தீன் பையில் போட்டு இறுக முடிந்து, சில நாள் கடும் வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள். பந்தலடி மண்ணையும் அவ்வப்போது கொத்திவிட்டால் கூண்டுகள் மேலே வந்து வெயிலில் காயும், கோழி இருந்தால் அதுவே பொறுக்கிவிடும்.

9. பாகற்பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்ததும் செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி மாட்டி மேலே பின் அடித்துவிடுங்கள். காய் வெளிறி வளரும், கசப்பில் குறை இருக்காது. மழைக்காலத்தில் காகிதம் கரைந்துபோகும், அப்போது பழைய வேட்டித் துணியில் பை தைத்துக்கொள்ளுங்கள்.

10. புடலங்காய் சுருண்டுகொள்ளாமல் நீள ஓட்டுச் சில்லு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிஞ்சு ஒரு சாண் வந்த பிறகு கட்டுங்கள். அதற்கு முன் கட்டினால் காம்பு அறுந்துவிடும்.

11. பூசணி, வெள்ளரி நாற்று இரண்டு இலை விட்டதுமே சிவப்பு வண்டு வந்து சல்லடையாக்கும். விடியலில் அதற்குக் குளிர், சுறுசுறுப்பு இருக்காது. சோப்புத் தண்ணீர்க் குவளையை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் உள்ளே விழும். பனி ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவிவிடுங்கள்.

12. அவரையில் அசுவினி அப்பிக்கொண்டு கொடி நுனியே கறுத்துப் போகிறதா? முதலில் எறும்பைப் பாருங்கள். அசுவினி விடும் தேனுக்காக எறும்புதான் அதைக் காவல் காக்கிறது. பந்தல் கால்களில் துணியைச் சுற்றி கிரீஸ் தடவிவிட்டால் எறும்பு ஏறாது, பிறகு குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தே அசுவினியைக் கழுவிவிடலாம். அப்படியும் போகாத நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வரும், நஷ்டமில்லை.

13. பொறிவண்டு எல்லாமே எதிரி இல்லை. பளபளவென்று சிவப்பாக, ஆறேழு புள்ளியோடு இருப்பது அசுவினியைத் தின்று நமக்கு வேலை மிச்சம் செய்யும். அதன் குஞ்சு கறுப்பாக, குட்டி முதலை போல அவலட்சணமாக இருக்கும், பயந்து நசுக்கிவிடாதீர்கள். மங்கலான பழுப்பில் 28 புள்ளியோடு கத்தரி, பாகல் இலையைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைப்பதுதான் கள்ளன். மஞ்சள் முட்டைக் குவியல் இலையடியில் இருக்கும், இலையோடு கிள்ளுங்கள்.

14. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இரண்டும் இலையின் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும், அதனால் மேலே தெளித்துப் பயனில்லை. செடியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, கீழே 16இல் சொல்லும் வேப்பெண்ணெய்க் கரைசலை அடியிலிருந்து தெளியுங்கள்.

15. மிளகாயைப் பச்சையாகவே பறித்து வந்தால் செடி திரும்பத் திரும்பப் பூக்கும். வற்றலுக்கு வேண்டுமென்றால் ஒன்றிரண்டு செடியை மட்டும் பழுக்கவிடுங்கள்.

16. வேப்பெண்ணெய் தண்ணீரோடு சேராது, அப்படியே ஊற்றித் தெளித்தால் ஒரு செடிக்கு எண்ணெய், இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். ஒரு லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய் எடுத்து, சீவிக் கரைத்த காதி சோப்பில் முதலில் குழைத்து, வெள்ளையாகத் திரண்டபின் தண்ணீர் விடுங்கள். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம் தெளியுங்கள். பறிக்க வேண்டிய காயை முதலில் பறித்துக்கொண்டு தெளித்தால் குழம்பில் வேப்பெண்ணெய் வாசமும் வராது.

17. எண்ணெய்க்கும் செலவழிக்க மனமில்லையா? ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் காயவைத்து வையுங்கள். மூன்று மாதத்துக்குக் குறையாத, எட்டு மாதத்தைத் தாண்டாத கொட்டையின் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டினால் கரைசல் தயார். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

18. தென்னை மரத்தடியில் கறிவேப்பிலை, செம்பருத்தி இலைகள் கரி பூசியது போலக் கறுத்தால் குற்றவாளி மேலே இருக்கிறது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, தென்னை ஓலையிலிருந்து சொட்டும் தேனில் பூசணம் வளர்வதுதான் அந்தக் கறுப்பு. லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சி ஆறவைத்து, நீர்க்க வடிகட்டித் தெளித்தால் காய்ந்ததும் கறுப்போடு சேர்ந்து உரிந்து விழும். பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். இந்த ஈயைத் தின்கிற சிறு குளவிகள் செத்துவிடும்.

19. பப்பாளி மாவுப்பூச்சிக்கும் அதே கதைதான். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முளைத்து ஊரையே படுத்திய பூச்சியை அடக்கியது, 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்ன ஒட்டுண்ணிக் குளவி. வீட்டில் ஒன்றிரண்டு காய்களில் மாவு கண்டால் பழைய பல் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்துவிடுங்கள், போதும்.

20. கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். நெளிந்தால் வண்ணத்துப்பூச்சிப் புழு! நாலு புழு இருந்தால் சின்னக் கன்றை இரண்டொரு நாளில் மொட்டையடித்துவிடும்.

21. மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கம்பளிப்புழு கூட்டமாக அடையும் இடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீளக் கழியில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்திக் காட்டினால் மொத்தமும் தீரும். ஓலைக் கொட்டகை, வைக்கோல் பக்கத்தில் இருந்தால் பந்தம் வேண்டாம், சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். காய் பறிக்கத் தொரட்டிதான், பிள்ளைகளை ஏற்றாதீர்கள், முருங்கைக் கிளை சொல்லாமல் முறியும்.

22. நத்தைக்கு உப்புப் போடும் வழக்கம் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களுக்குச் சரி, கடலோரத்துக்கு ஆகாது. இருக்கிற உப்பே செடிக்கு அதிகம். ராத்திரி நனைத்த கோணிச் சாக்கை மடக்கிப் பாத்தி ஓரத்தில் போட்டு, காலையில் திருப்பினால் அடியில் ஒட்டியிருக்கும். வெறுங்கையால் தொடாமல் பொறுக்கிவிடுங்கள்.

23. இலை ஓரம் ஒரே சீராகக் கருகி, ஓட்டையோ புழுவோ இல்லையென்றால் அது பூச்சியில்லை, உப்பு. மருந்து தெளித்துக் காசைக் கரைக்காமல் நல்ல தண்ணீரால் இலையை அலசி, வேரடியில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து மூடாக்கு போடுங்கள். ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, வாளியில் பிடித்து நாற்றுகளுக்கு ஊற்றலாம்.

24. பட்டினச்சேரி மீன் வாங்கும் வீடுகளில் செவுள், குடலைத் தூக்கிப் போடாதீர்கள். அதே எடை வெல்லம் சேர்த்து மூடி வைத்தால் மூன்று வாரம் கடந்து தேன் பதத்தில், பழவாசனையோடு மீன் அமிலம் கிடைக்கும். லிட்டருக்கு 5 மில்லி கலந்து இலையில் தெளித்தால் செடி தெம்பாக நிற்கும், தெம்பான செடி பூச்சிக்குச் சீக்கிரம் மசியாது. கருவாட்டுக் கழிவு மட்டும் கூடாது, உப்பு.

25. கிழிந்த வலை கொல்லைக்குப் பொக்கிஷம். பந்தலுக்கு விரிக்கலாம், ஆடு, கோழி, இப்போது புதிதாக வரத் தொடங்கியிருக்கும் மயில் எல்லாவற்றையும் தடுக்கலாம். கனத்த நூல் வலையாகப் பாருங்கள். மெல்லிய நரம்பு வலையில் சாரையும் குருவியும் சிக்கிக்கொள்ளும், எடுத்துவிடுவது நம் தலையில் விழும்.

26. தக்காளி பழுக்கட்டும் என்று காத்திருந்தால் அணிலுக்குத்தான் விருந்து. அடியில் லேசாகச் செம்மை தட்டியதும் பறித்து, காகிதம் விரித்த கூடையில் ஒரு வாழைப்பழத்தோடு மூடி வைத்தால் நன்றாகப் பழுக்கும்.

27. கீரை விதையை எறும்பு இழுத்துப் போகாமலிருக்க, விதைத்த அன்று பாத்தி ஓரத்தில் ஒரு கைப்பிடி நொய்யைத் தூவுங்கள். எறும்பு அதைச் சுமந்து முடிப்பதற்குள் கீரை முளைத்துவிடும்.

28. முளைக்கீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடுங்கள்; அதற்கு மேல் வைத்தால் இலையைச் சுருட்டிக் கூடு கட்டும் புழுவுக்குத்தான். அரைக்கீரையை இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் மாதக்கணக்கில் வரும்.

29. புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது என்று கேட்டதும் முதல் வேலையாக அறுவடை செய்யுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பந்தல் போட்டிருந்தவர்களுக்குத் தெரியும், காற்று பதம் பார்ப்பதில்லை. முக்கால் பதம் வந்த காயைக்கூடப் பறித்துவிட்டு, பந்தல் கொடியைக் கயிறால் இறுக்கிக் கட்டுங்கள். காற்று ஓய்ந்ததும் இலைகளில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

30. இன்னதென்று தெரியாத பூச்சி வந்தால் கடைக்காரரிடம் மருந்து கேட்காதீர்கள். பூச்சியையும் இலையையும் பையில் போட்டு மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, செருமாவிலங்கை வேளாண் கல்லூரிக்கோ எடுத்துப் போய்க் காட்டுங்கள், காரைக்கால் போகிற வேலையோடு வேலையாக முடியும்.

31. விதைக்கு முதல் காயை விடாமல், இரண்டாவது மூன்றாவதாகக் காய்த்ததில் பூச்சி தொடாத ஒன்றை விடுங்கள், அடையாளத்துக்கு ஒரு கலர் நூல் கட்டுங்கள். வீட்டில் இருப்பவர்கள் தெரியாமல் பறித்துச் சாம்பாரில் போட்டுவிடுவார்கள்! காய்ந்த விதையைச் சலித்த சாம்பலில் புரட்டி டப்பாவில் வைத்தால் வண்டு வராது.

32. கொத்தவரை, சுண்டைக்காய், மிளகாய் மிஞ்சினால் புளித்த மோரில் உப்புப் போட்டு ஊறவைத்து வற்றலாக்குங்கள். மாசி மகத்துக்குச் சௌரிராஜப் பெருமாள் திருக்கண்ணபுரத்திலிருந்து நம் கடற்கரைக்கு வந்து போனதும் வற்றல் வெயில் தொடங்கிவிடும். மத்தியானம் கடற்காற்று திரும்பியதும் முறத்தை உள்ளே எடுத்துவிடுங்கள், காற்றிலிருக்கும் ஈரம் ஏறிவிட்டால் காலையிலிருந்து காய்ந்ததெல்லாம் வீண்.