சுண்ணாம்பும் உலோகமும்: ஓர் இரசாயன பாடம்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அங்குப் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கு ஒரு கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றி அஃது ஆக்கப்பட்டதென அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அரசன் விலக்கிய நான்கனுள் சுண்ணாம்பும் உலோகமும் பள்ளி இரசாயனத்தில் ஒன்றுகூடுகின்றன. அவை கூடும் முறையை அறிதல் குடியானவர்க்கும் பயன்படும்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் வார்த்தால் அது கொதித்துப் பொடியாகிறது. அப்பொடியே கால்சியம் ஹைட்ராக்ஸைடு. அதை மிகுந்த நீரிற் கலக்கித் தெளிய வைத்தால் மேலே நிற்பது சுண்ணாம்பு நீர். அது காரத்தன்மை உடையது. மயில்துத்தக் கரைசலில் இந்நீரைச் சேர்த்தால் வெளிர் நீல வீழ்படிவு உண்டாகும். அதிலுள்ளது தாமிர ஹைட்ராக்ஸைடு. அன்னபேதிக் கரைசலிலோ அழுக்குப் பச்சை நிறம் தோன்றும். அதைத் திறந்து வைத்தால் மேற்பரப்பு பழுப்பாக மாறும்.

இம்மாற்றத்துக்குக் காரணம் யாது? கால்சியம் சேர்மங்களில் எப்போதும் இரண்டு எலக்ட்ரான்களையே இழக்கும். அதன் ஹைட்ராக்ஸைடு வெண்மையானது. இரும்போ இடைநிலை உலோகம். இரண்டையும் இழக்கும், மூன்றையும் இழக்கும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மூன்றாவதையும் கவர, பச்சை பழுப்பாகிறது. இடைநிலை உலோகங்களின் சேர்மங்கள் பலவும் நிறமுடையவை. ஆதலின் வீழ்படிவின் நிறத்தைக் கொண்டு கரைசலில் உள்ள உலோகம் இன்னதென மாணாக்கர் உய்த்துணரலாம்.

தாமிரத்தின் இவ்வினையே போர்டோக் கலவைக்கு அடிப்படை. பிரான்சு தேசத்துப் பேராசிரியர் மில்லார்தே 1885-இல் திராட்சைக் கொடியின் பூஞ்சண நோய்க்கு இதனை வெளியிட்டார். மணிலாப் பயிரின் இலைப்புள்ளி நோய்க்கும் இது தெளிக்கப்பட்டதுண்டு. நூற்றுக்கு ஒரு பங்குக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குதல் வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே தக்கது. இரும்புப் பாத்திரம் ஆகாது.

சுண்ணாம்பு குறைந்தால் எஞ்சிய துத்தம் இலையைக் கருக்கிவிடும். ஆகவே தெளிக்குமுன் சோதித்தல் அவசியம். துலக்கிய இரும்புக் கத்தியைச் சற்று நேரம் கலவையில் வைத்தெடுத்தால், துத்தம் எஞ்சியிருப்பின் கத்தியில் செந்நிறத் தாமிரம் படியும். இரும்பு கரைசலுட் சென்று தாமிரத்தை வெளியேற்றுவதே அதன் காரணம். இரும்புப் பாத்திரம் விலக்கப்படுவதும் இதனாலேயே. படிவு தோன்றாதவரை சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். கலவையை அன்றைக்கே தெளித்துவிட வேண்டும்.

மயில்துத்தம் நஞ்சு, சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும். சமையற் பாத்திரங்களில் இவற்றைக் கலத்தலாகாது. பள்ளியில் நிறங்களைக் கண்டறிந்த மாணாக்கர் இக்கத்திச் சோதனையைத் தம் வீட்டார்க்கும் விளக்கிக் காட்டுவாராயின் பயிர் கருகாது காக்கப்படும்.