மரப்பலகையில் படம் ஏற்ற...

மைசூரு அரண்மனையின் அம்பா விலாச மண்டபத்தில், கருத்த ஈட்டி மரக் கதவில் தந்தம் பதித்த வேலைப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். அது தலைமுறைக் கைவேலை. கொலுப்படிக்கு ஒரு தசரா யானையோ, கூடத்துக்குத் தாத்தா பாட்டி கல்யாணப் படமோ பலகையில் ஏற்ற, ஒரு ஜெராக்ஸ் தாளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1. பலகை வெளிறிய நிறமாக இருக்கட்டும். சில்வர் ஓக், ரப்பர் மரம், வெளிர் பிளைவுட் எல்லாம் சரி. பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் மரத்தின் நிறத்தில்தான் தெரியும். ஈட்டிப் பலகையில் ஏற்றினால் பாட்டியின் முகம் இருட்டில் போய்விடும். புவிசார் குறியீடு பெற்ற மைசூரு இன்லே வேலைக்காரர்கள், பலா போன்ற மஞ்சள், வெளிர் மரங்களை வெட்டி அந்தக் கருப்பில் பதிப்பது அதனால்தான். கையில் ஈட்டி இருந்தால் அவர்களிடமே கொடுங்கள்.

2. லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸ் மட்டுமே. ஈர விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். மை கலைந்தால் அது இங்க்ஜெட், உதவாது.

3. கடையில் ‘மிரர் பிரிண்ட்’ என்று கேளுங்கள். எழுத்து இல்லாத படம்தானே என்று விட்டால், பாட்டியின் முந்தானை வலது தோளுக்கு மாறிவிடும்!

4. உப்புத்தாள்: முதலில் 120, பிறகு 220. இழை ஓடும் திசையிலேயே தேய்த்துத் தூசி துடையுங்கள்.

5. அக்ரிலிக் மீடியத்தை மெல்லியதாகப் பூசி, படத்தைக் கவிழ்த்து ஒட்டுங்கள். பழைய ஏ.டி.எம். கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றுக் குமிழிகளை எடுங்கள். ராத்திரி முழுக்கக் காயட்டும். மழைக்காலமானால் இன்னும் அரை நாள்.

6. பொறுமை வேண்டியது இங்கேதான். ஈரத்துணியால் தாளை ஒற்றி, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் காகிதம் திரிதிரியாக உரியும். நகம் படக் கூடாது. காய்ந்ததும் வெள்ளை பூத்தால் காகிதக் கூழ் மிச்சமிருக்கிறது. மறுபடி நனைத்துத் தேயுங்கள். ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்து, என் முதல் யானைக்குத் தும்பிக்கை போயிற்று.

7. மீடியத்துக்குப் பதில் ஃபெவிகாலும் ஒட்டும். ஆனால் தண்ணீர் பட்டால் இளகும், நனைப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆயில் வார்னிஷ்தான் பூச வேண்டும். அப்போதும் சாரல் அடிக்கும் வாசலில் மாட்ட வேண்டாம்.