மண்டிச் சீட்டில் ஒரு பிளாக்செயின்

பிளாக்செயின் என்றதும் பிட்காயின் நினைவுக்கு வருவதால், நம்மில் பலர் அதை வகுப்பறைக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறோம். ஆனால் தமிழ்நாடு அரசு 2020-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் 'நம்பிக்கை இணையம்' இந்த நுட்பத்தில் அமைந்ததுதான். அத்தகைய ஏட்டை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதை எட்டாம் வகுப்பு மாணவர்கள் கையால் செய்து பார்த்தே அறியலாம். கணினி வேண்டாம், வகுத்து மீதி காணத் தெரிந்தால் போதும்.

பேரிகை, சூளகிரி பகுதிப் பிள்ளைகளுக்குத் தக்காளிப் பெட்டிக் கணக்கு புதிதல்ல. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளையும் எண்களில் பின்தங்குவதில்லை. எனவே மண்டிச் சீட்டையே பாடப்பொருளாகக் கொள்வோம். வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு ஏடு கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அன்றைய பெட்டி எண்ணிக்கையும் ஒரு குறியீட்டெண்ணும் இருக்கும். விதி இது: முந்தைய குறியீட்டெண்ணை 3-ஆல் பெருக்கி, பெட்டி எண்ணிக்கையின் 7 மடங்கை அதனுடன் கூட்டி, 97-ஆல் வகுக்க வேண்டும். கிடைக்கும் மீதியே அந்தப் பக்கத்தின் குறியீட்டெண். தொடக்க எண் 10.

முதல் நாள் 25 பெட்டி: 30 + 175 = 205; மீதி 11. அடுத்த நாள் 18 பெட்டி: 33 + 126 = 159; மீதி 62. மூன்றாம் நாள் 30 பெட்டி: 186 + 210 = 396; மீதி 8.

இப்போது ஒரு குழுவிடம், முதல் நாளின் 25-ஐ 35 என்று திருத்தச் சொல்லுங்கள். குறியீடுகள் 81, 78, 56 என்று மாறிவிடும். கடைசி எண்ணை மட்டும் உரக்கப் படித்தாலே போதும்: நான்கு குழுக்கள் '8' என்னும், ஒன்று '56' என்னும். முதல் பக்கத்துத் திருட்டு கடைசிப் பக்கத்தில் பிடிபடும் இந்த இடத்தில் வகுப்பில் சத்தம் எழும், அடக்க வேண்டாம்.

அடுத்து, மாணவர்களையே திருடர்களாக்குங்கள். 'கண்டுபிடிக்க முடியாதபடி ஏமாற்றிக் காட்டுங்கள்' என்பதே பணி. பாதுகாப்புப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மூன்று குழுக்கள் கூட்டுச் சேர்ந்தால் பொய்யே பெரும்பான்மையாகிவிடும். கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர், 25-க்குப் பதில் 122 எழுதினாலும் மீதி 11-தான் என்று கண்டுபிடிப்பார். உண்மையில் பயன்படும் ஷா-256 முறையில் இப்படி இன்னொரு எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாது. உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் பைத்தானின் ஹாஷ்லிப் கொண்டு, ஓர் எழுத்தை மாற்றினாலே 64 இலக்கக் குறியீடு முழுதும் மாறுவதைக் காட்டலாம். நேரமில்லை என்றால் இதை விட்டுவிடலாம். அடுத்த செயல்பாட்டை விடக் கூடாது.

ஒரு தாளில் '50 பெட்டி' என எழுதி மடித்துக்கொள்ளுங்கள். '5 பெட்டிதான், கையெழுத்துப் போடு' என்று மூன்று மாணவர்களிடம் நீட்டுங்கள். பெரும்பாலும் பிரித்துப் பார்க்காமலே போட்டுவிடுவார்கள். 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசிர்எக்ஸ் கிரிப்டோ பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்து களவுபோனது. பலர் கையொப்பமிட்டால் மட்டுமே திறக்கும் கணக்கு அது. திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் கையொப்பமானது வேறொன்று என அந்நிறுவனம் பின்னர் தெரிவித்தது. சங்கிலி அறுபடவில்லை, அதில் எழுதும் அதிகாரம் ஏமாற்றிப் பெறப்பட்டது. பெற்றோரின் கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கேட்டு யாராவது அழைக்கும்போதும் இதே கதைதான் என்பதை மாணவர்களே சொல்வார்கள்.

மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு கேள்வி கொடுங்கள்: 'தராசில் 20 கிலோ நின்றதை எழுதியவர் 18 என்று பதிந்தார். ஐந்து ஏடுகளும் ஒத்துப்போகின்றன. விவசாயி யாரிடம், எதைக் காட்டி முறையிடுவார்?' குறியீட்டுக் கணக்கை மட்டும் போட்டுக் காட்டும் விடைக்குப் பாதி மதிப்பெண் போதும். எடை போடும்போதே விவசாயியும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், சீட்டின் நகல் அவர் கையிலும் இருக்க வேண்டும் என்று எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.